நான்காவது ஓலை

இன்னாசிபட்டி
8 ஜனவரி 2024

பாசமுள்ள அக்காவுக்கு, இயேசுவின் சமாதானம் உன்னோடு இருப்பதாக.

இங்கே நானும் ஷெரினும் நலம். ஷெரினுக்கு மார்கழிப் பனியில் வரும் இருமல் வழக்கம்போல வந்து உட்கார்ந்துகொண்டது. பொங்கலுக்குத்தான் போகும். மலைக்குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மதர் உனக்குக் கம்பளிக் காலுறை போட அனுமதி தந்தார்களா என்று போன கடிதத்தில் கேட்டேன், நீ அதற்குப் பதிலே சொல்லவில்லை. நீ அடைப்பு மடத்துக்குள் போனதிலிருந்து உன்னைப் போனில் பிடிக்க முடியாது, நேரில் வந்தாலும் கம்பிக்கு அந்தப் பக்கம். இந்தக் காலத்திலும் ஊரில் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கும் ஆள் நான் ஒருவன்தான்.

ஒரு பெரிய சேதி. மதுரையிலிருந்து ஒரு குழு வந்திருக்கிறது. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கமுள்ள பழைய கட்டிடங்களை எல்லாம் அளந்து, படம் பிடித்து, வரலாறு எழுதிப் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் ஏறிவிட்டால் பழுதுபார்க்க உதவி கிடைக்கும், அதன்பிறகு எவனும் நினைத்தபடி கடப்பாரையைத் தூக்க முடியாது. நம் இன்னாசியார் கோயிலைப் பார்த்ததும் தீப்தி என்கிற பெண், அவள்தான் குழுவின் ஆர்க்கிடெக்ட், கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊர்ப் பக்கமிருந்து விவரம் எழுதித் தர ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். பங்குச்சாமியார் யோசிக்கவே இல்லை. "பெனடிக்ட் இருக்கான்ல" என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூட கிளார்க், கையெழுத்து நன்றாக இருக்கும், பூசையில் வாசகமும் கல்யாண ஓலையும் வாசிக்கிறவன், வேறு யார் கிடைப்பார்கள்? சித்தப்பா மகன் ஸ்டீவ் இப்போது பங்குப் பேரவைச் செயலாளர் இல்லையா, அவன்தான் எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தான். தற்பெருமை பாவம் என்று நீ எழுதுவாய். எழுது. கொஞ்ச நாளைக்குப் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

உன் ஜெபத்தில் எங்களை மறவாதே.

உன் தம்பி
பெனி


மடம்
20 ஜனவரி 2024

அன்புத் தம்பி பெனிக்கு, மாதாவின் அரவணைப்பு உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

காலுறைக்கு அனுமதி கிடைத்தது. முழங்கால்தான் அனுமதி தரவில்லை. ஷெரினுக்குத் துளசியும் மிளகும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடு. பெண்டாட்டிதானே, அவளே வைத்துக் குடிக்கட்டும் என்று விட்டுவிடாதே, அடுப்புக்கு வழி உனக்கும் தெரியும்.

உன் சேதியை மதிய உணவுக்குப் பிறகு மற்ற சிஸ்டர்களுக்கும் சொன்னேன். ஒரு கோயிலை அளப்பதற்கு ஜெபிக்கச் சொன்ன முதல் ஆள் நான்தானாம். பெருமைப்படு, தப்பில்லை. ஆனால் வேலையை முழுதாகச் செய்.

ஒன்று கேட்க வேண்டும். கோயிலின் தெற்குப் பக்கம் ஒட்டினாற்போல் நீண்டிருக்குமே, நாமெல்லாம் 'கை' என்போம், அதற்கு என்ன எழுதப் போகிறாய்? நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்தப் பழைய சாமியார் வந்து மாற்றும்வரை தெற்குத் தெருக்காரர்கள் அங்கேதான் உட்கார்ந்தார்கள். தாழ்ந்த தனி வாசல். உள்ளேயிருந்து பீடம் தெரியும், நடுக்கோயிலில் உட்கார்ந்த நாம் தெரிய மாட்டோம், நமக்கும் அவர்கள் தெரிய மாட்டார்கள். அப்படிக் கோணம் பார்த்துக் கட்டியிருந்தார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் படித்த ஆன்சி ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே போய்விடுவாள். பாட்டில் அவள் குரல் மட்டும் கேட்கும். இப்போது அவளும் அவள் வீட்டுக்காரர் லாசரும் எப்படி இருக்கிறார்கள்?

கைக்கு என்ன எழுதுகிறாய் என்று சொல்.

உன் அக்கா
ஆனிமேரி


இன்னாசிபட்டி
4 பிப்ரவரி 2024

என் அக்காவுக்கு, ஆண்டவர் உனக்கு நல்ல சுகம் தரட்டும்.

ஷெரின் இருமல் நின்றுவிட்டது. கஷாயம் நானே வைத்தேன், அடி பிடித்துவிட்டது, அதையும் குடித்தாள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மேலூர் டாக்டர் நடக்கச் சொல்கிறார். கோயிலைச் சுற்றியே தினமும் நடக்கிறேன், அதுவே போதும்.

அளவு வேலை மும்முரமாக நடக்கிறது. தீப்தி ஒரு சின்னக் கருவியைச் சுவரில் காட்டுகிறாள், சிவப்புப் பொட்டு ஒன்று விழுகிறது, அளவு வந்துவிடுகிறது. நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு அசடாக நிற்கிறேன். வடக்குச் சுவரில் முக்கால் பங்குப் பூச்சு அப்படியே இருக்கிறது. கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைத்த சுண்ணாம்பு, ஆணி இறங்காது. மேற்கே வாசல் கல்லில் நம் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறதல்லவா, அதைத் தாள் போட்டு மெழுகால் தேய்த்துப் படி எடுத்தாள். மணிக்கூண்டுக்கு ஏறினோம். வௌவால்கள் கலைந்து ஸ்டீவ் தலைமேல் மோதின, ஊரே கேட்கிற மாதிரி கத்தினான். கிழக்கே பீடத்துக்குப் பின்னால் மழைநீர் இறங்கிச் சுவர் உப்பிப் போயிருக்கிறது. அதற்குத்தான் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிறாள்.

தீப்தி என்னை எல்லோரிடமும் "சார் சொன்னா சரியா இருக்கும்" என்கிறாள். அவள் மதுரைக்காரி, நம் சமயத்தவள் இல்லை. அவளுக்கு நான் சொல்வதுதான் வேதம். நல்ல பிள்ளை.

லாசரும் ஆன்சியும் நலமாகத்தான் இருப்பார்கள். கோயிலில் பார்க்கிறேன்.

தவக்காலம் வருவதற்குள் உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

உன் தம்பி
பெனி


மடம்
10 பிப்ரவரி 2024

தம்பி பெனிக்கு, சமாதானம்.

சர்க்கரைக்கு நட. பலகாரம் பக்கம் நடக்காதே.

வடக்கு, மேற்கு, கிழக்கு என்று கோயிலைச் சுற்றிக் காட்டினாய். வௌவால் மோதிய கதையில் மதர்கூடச் சிரித்துவிட்டார்கள். தெற்குப் பக்கம் மட்டும் நீ போகவே இல்லை.

விபூதிப் புதன் முதல் பாஸ்கா வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை என்பது உனக்குத் தெரியும். வருகிற கடிதங்களும் மதரிடம் இருக்கும், உயிர்ப்பு ஞாயிறு கழித்துத்தான் கையில் தருவார்கள். நாற்பது நாளும் உனக்காக வேண்டிக்கொள்வேன்.

அக்கா


இன்னாசிபட்டி
10 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு, தவக்கால ஆசீர்.

நாங்கள் நலம். உன் நலத்தைக் கேட்டால் நீ இப்போது பதில் எழுத முடியாது. அது தெரிந்துதான் இப்போது எழுதுகிறேன். நீ பதில் எழுத முடியாத நேரம் பார்த்து எழுதுகிறவனைப் பற்றி நீ என்ன நினைப்பாயோ நினைத்துக்கொள்.

கைக்கு என்ன எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். 'சப்பரக் கொட்டகை, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது' என்று எழுதினேன். இப்போது அங்கே திருவிழாச் சப்பரமும் உடைந்த பெஞ்சுகளும்தான் கிடக்கின்றன, அந்த மட்டுக்கு அது பொய்யும் இல்லை.

தீப்தி விடவில்லை. "சார், ரெண்டு சுவத்துலயும் பூச்சு ஒண்ணாத்தான இருக்கு? செங்கல்லும் அதே அளவு" என்று கேட்டாள். "அப்ப இருந்த கொத்தனார் பழசு மாதிரியே கட்டிட்டாரும்மா" என்றேன். "அப்படியா சார், கெட்டிக்காரர்" என்று எழுதிக்கொண்டாள். இல்லாத கொத்தனாருக்கு அவள் கொடுத்த பாராட்டு எனக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

ஏன் எழுதினேன் என்கிறாயா? ஸ்டீவ் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, உள்ளத எழுதுனீகன்னா நாளைக்குப் பேப்பர்காரன் வந்து நிப்பான். கோயிலையா போட்டோ எடுப்பான்? நம்ம மூஞ்சியத்தான் எடுப்பான். வாசக் கல்லுல நம்ம பேரு வேற இருக்கு" என்றான். அவன் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. தெற்குத் தெருக்காரர்களுக்கும் அது நல்ல நினைவா என்ன? புத்தகத்தில் அச்சுப் போட்டு அவர்கள் பிள்ளைகள் படிக்க வேண்டுமா? எல்லோருக்கும் சேர்த்துத்தான் நான் அதை மூடினேன்.

இப்படி உனக்கு எழுதும்போது சரியாகத்தான் இருக்கிறது. கோயிலுக்குள் போனால் தெற்குப் பக்கம் திரும்பக் கூச்சமாக இருக்கிறது.

உன் தம்பி
பெனி


மடம்
3 ஏப்ரல் 2024

பெனடிக்டுக்கு, உயிர்த்த ஆண்டவரின் அருள்.

ஷெரினுக்கும் உனக்கும் பாஸ்கா வாழ்த்து. சர்க்கரை எப்படி இருக்கிறது?

உன் மார்ச் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. இரண்டு முறை படித்தேன்.

எல்லோருக்கும் சேர்த்து மூடினேன் என்கிறாய். தெற்குத் தெருவில் யாரைக் கேட்டாய்? பிற்காலத்தில் சேர்த்தது என்று எழுதினால், அந்தக் கையை மதுரைக் குழு என்ன செய்யும்? இந்த இரண்டுக்கும் பதில் எழுது.

ஆனிமேரி


இன்னாசிபட்டி
14 ஏப்ரல் 2024, ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு, சித்திரை முதல் நாள் வாழ்த்து.

சுகம்தான். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நீ என்னைப் பெனடிக்ட் என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அம்மா கோபத்தில் கூப்பிடுவது போல இருக்கிறது.

நீ கேட்ட முதல் கேள்விக்குப் பதில்: யாரையும் கேட்கவில்லை.

இரண்டாவதற்கு, நானே எதிர்பாராத பதில். பிற்காலத்தில் ஒட்டியதை எல்லாம் நீக்கிவிட்டுக் கோயிலை அதன் முதல் வடிவத்துக்குக் கொண்டுவரலாம் என்று குழு பரிந்துரைக்கப் போகிறதாம். நல்ல விதி. சிமென்ட் தாழ்வாரம், தகரப் பந்தல் எல்லாம் போகும். அதோடு கையும் போகும். ஸ்டீவ் அந்த இடத்தில் திருமணக் கூடம் கட்ட வரைபடமே போட்டுவிட்டான். நான் எழுதும்போது இதை நினைக்கவில்லை அக்கா, சத்தியமாக நினைக்கவில்லை. இல்லாததாகச் சொன்னால் போதும் என்று இருந்தேன். இல்லாமலே ஆக்கிவிடுவார்கள் என்று தோன்றவில்லை.

அறிக்கை அனுப்புமுன் ஊர் மக்களுக்குத் தெரிவித்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று தீப்தி சொன்னாள். பங்குச்சாமியாருக்கு அதற்கு ஒரு யோசனை. "நம்ம சனத்துக்கு நோட்டீசு ஒட்டுனா எவன் படிப்பான்? கல்யாணத்துக்கு வாசிக்கிற மாதிரி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சிருவோம்" என்றார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று வாசிப்போமே, அதே போலக் கோயில் விவரத்தை வாசிப்பது. இன்று முதல் ஓலை. வாசித்தது நான்.

'தெற்கே உள்ள சப்பரக் கொட்டகை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது' என்கிற வரிக்கு வந்ததும் இருமுவது போல் சமாளித்தேன். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினேன். ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும் அது பொய் என்று. நம் தெருவும் பேசவில்லை, தெற்குத் தெருவும் பேசவில்லை. லாசர் மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களே பேசாமல் இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் அது வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கவில்லை.

21-ஆம் தேதி இரண்டாம் ஓலை. 28-ஆம் தேதி மூன்றாவது. அதோடு முடிந்தது.

உன் தம்பி
பெனி


மடம்
18 ஏப்ரல் 2024
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

தம்பிக்கு,

நலம். நலமாக இரு.

மதரிடம் அனுமதி கேட்டு இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் அது. தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றால் எனக்கும் அந்தக் கடமை உண்டு. நான் இந்தக் கதவைத் தாண்டி வர முடியாது. ஓலை வாசிக்கிறவன் நீ, அதனால் உன்னிடமே சொல்கிறேன். மூன்றாம் ஓலை முடிந்ததும் கீழே உள்ளதை வாசி.

'தெற்குக் கை கோயிலோடு சேர்ந்தே கட்டியது. சாதி பார்த்துக் கட்டியது. நான் நடுக்கோயிலில் உட்கார்ந்தவள், எனக்குத் தெரியும். அதை மறைத்து எழுதுவதற்கு நான் தடை சொல்கிறேன். வடக்குத் தெரு ஆனிமேரி.'

சாமியாருக்கே நேரடியாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அக்கா


இன்னாசிபட்டி
30 ஏப்ரல் 2024

பாசமிகு அக்காவுக்கு, இயேசுவில் வாழ்த்துகள்.

இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். மலையில் மழை பெய்கிறதாகச் செய்தியில் பார்த்தேன், குடை இல்லாமல் தோட்டத்துக்குப் போகாதே. ஷெரின் மாவடு போட்டிருக்கிறாள், கெடாமல் வந்து சேருமென்றால் அனுப்புகிறேன்.

உன் பதிவுத் தபால் நேற்று, திங்கட்கிழமைதான் வந்தது. என்ன செய்வது? பத்தொன்பதாம் தேதி தேர்தல், அதற்கடுத்து அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டம், மதுரை வழியாக வருகிற தபால் எல்லாம் அப்படியே தேங்கிவிட்டது. நம் தபால்காரர் கருத்தக்கண்ணன் மூட்டையோடு வந்து, இம்புட்டையும் ஒரே நாளில் எப்படிக் கொடுப்பது என்று புலம்பினார். அதற்குள் மூன்றாம் ஓலையும் வாசித்து முடிந்துவிட்டது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் கட்டாயம் வாசித்திருப்பேன். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

ஓலை மூன்றுதான், நான்காவது கிடையாது. கடவுள் சித்தம் அதுதான் போலிருக்கிறது. வைகாசி கடைசியில் கையை இடிக்க ஸ்டீவ் ஆள் பேசிவிட்டான்.

உன் அன்புத் தம்பி
பெனி


மடம்
8 மே 2024

தம்பிக்கு,

சுகம். மாவடு வேண்டாம், ஷெரினுக்கு என் அன்பைச் சொல்.

ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. உன் கையெழுத்து இன்னும் அப்படியே அழகாக இருக்கிறது. கீழே தேதியும் தெளிவாக எழுதியிருக்கிறாய். ஏப்ரல் 25, வியாழன்.

கடவுள் சித்தத்தின் மேல் போடாதே.

ஆனிமேரி


இன்னாசிபட்டி
20 மே 2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. கருத்தக்கண்ணன் மேல் பழி போட்டேன், அவர் தினமும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறார். உன் தடையை அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மூன்றாம் ஓலையை வாசித்தேன். கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லவில்லை என்று நானே சொல்லி முடித்தேன். அப்படிப்பட்டவன் உன் தம்பி.

நேற்று பூசை முடிந்து லாசர் வீட்டுக்குப் போனேன். வழி தெரியாமல் ஒரு பிள்ளையிடம் கேட்டேன். ஒரே ஊரில் பிறந்து வளர்ந்து, அவர் வீட்டுக்கு வழி கேட்டேன் அக்கா. உள்ளே போனதும் இன்னொன்று உறைத்தது. அவர் மேலூர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார், என்னைவிட மூத்தவர். நான் கிளார்க். அவர் என்னைச் சார் என்கிறார், நான் இத்தனை வருஷமும் லாசர் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். நேற்றுதான் முதல் தடவையாக "லாசர் சார்" என்றேன். வாய் பழகாமல் குழறியது.

ஆன்சி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "ஆனி எப்படி இருக்கா? பாட்டெல்லாம் பாடவிடுவாகளா அங்கன?" என்று கேட்டாள். டீ கொடுத்தாள். குடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் கடிதத்தையும் காட்டினேன். லாசர் சார் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"எங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார். "மொத ஓலையிலயே தெரியும்."

"அப்ப நீங்களே எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன ஆகும்? தெக்குத் தெருக்காரன் கோயிலுக்குள்ள சண்டைக்கு வாரான்னு பேச்சு மாறிரும். கட்டுன சுவத்தப் பத்தி எவனும் பேச மாட்டான், எங்களப் பத்தித்தான் பேசுவான். அதான் கூடிப் பேசி முடிவு பண்ணோம். உங்க தெருவுல ஒருத்தர், ஒரே ஒருத்தர் எந்திரிச்சுச் சொல்லட்டும்னு உக்காந்திருந்தோம். மூணு வாரமும் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம் சார்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவர்கள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று உனக்கு எழுதினேனே, அதை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்தத் தெற்குக் கை அவர்களுக்கு வேண்டுமா என்று முதல் முறையாகக் கேட்டேன். ஆன்சிதான் பதில் சொன்னாள். "எங்க அய்யா அதுலதான் முழங்கால் போட்டு வேண்டுனாரு. கல்யாணக் கூடத்துல பந்தி போடுறதுக்கா அத இடிப்பாக? இருக்கட்டும். எதுக்குக் கட்டுனாகன்னு எழுதிப்போட்டு இருக்கட்டும்."

சரி, அந்த வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள் சார், நான் சேர்த்துவிடுகிறேன் என்று பேனாவை நீட்டினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவர் வாங்கவில்லை. "அத நாங்க எழுதக் கூடாது சார். கல்ல ஒடச்சதும் சொமந்ததும் எங்காளுக. பிரிச்சு ஒக்கார வச்சது உங்காளுக. பிரிச்சவுகதான் எழுதணும்" என்றார்.

திரும்பி வந்து சாமியாரிடம் நான்காவது ஓலை வாசிக்க வேண்டும் என்றேன். "நாலாவது ஓலை எந்த ஊரு வழக்கம்யா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் வாசிக்க மாட்டேன். நீதான் வாசிக்கணும்" என்றார். ஜூன் இரண்டாம் தேதி, நற்கருணைப் பெருவிழா அன்றைக்கு.

பயமாக இருக்கிறது. ஷெரினிடம் சொல்லிவிட்டேன். "வாசிச்சிட்டு வாங்க, சோறு வைக்கிறேன்" என்றாள்.

பெனடிக்ட்


இன்னாசிபட்டி
3 ஜூன் 2024

அக்காவுக்கு, தோத்திரம்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது? முதலில் வாசித்துவிட்டு வரட்டும் என்று இருந்திருப்பாய். நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்காலுக்குத் தைலம் ஒரு குப்பி இத்துடன் அனுப்புகிறேன், இதையாவது மதரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

நேற்று வாசித்தேன். பெருவிழா, நிற்க இடமில்லாத கூட்டம். தீப்தியை வரச் சொல்லியிருந்தேன், பூசைக்கு முன்பே அவளிடம் உண்மையைச் சொன்னேன். "நான் உங்கள நம்பி எழுதினேன் சார்" என்றாள். அதற்குப் பிறகு சார் என்றுகூடக் கூப்பிடவில்லை.

நான் வாசித்ததை அப்படியே எழுதுகிறேன்.

'இன்னாசியார் கோயிலின் தெற்குக் கை, கோயிலைக் கட்டியபோதே கட்டியது. தெற்குத் தெருக் கிறிஸ்தவர்கள் தங்களோடு உட்காரக் கூடாது என்று வடக்குத் தெருவார் சாதியின் பேரில் கட்டச் சொன்னார்கள். கட்டச் சொன்னவர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர், அவர் பெயர் வாசல் கல்லில் இருக்கிறது. கல் உடைத்துச் சுமந்து கட்டியவர்கள் தெற்குத் தெருவார், அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அதைப் பிற்காலத்துச் சப்பரக் கொட்டகை என்று நான் எழுதியது பொய். தெரிந்தே எழுதினேன். மூன்று ஞாயிறும் தெரிந்தே வாசித்தேன். என் அக்கா சொன்ன தடையைப் பையில் வைத்துக்கொண்டு வாசித்தேன். வடக்குத் தெரு பெனடிக்ட்.'

பாதி வாசிக்கும்போதே ஸ்டீவ் எழுந்து போனான். அவனோடு நம் தெருவில் நாலைந்து குடும்பம் போனது. போகிற வழியில் என் பக்கத்தில் நின்று, "ஊரையே நாறடிச்சிட்டீகளே அண்ணே" என்றான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். சாமியார் விசுவாசப் பிரமாணத்தை ஆரம்பித்தார், எல்லோரும் எழுந்து சொன்னோம்.

கையை இடிக்கிற ஏற்பாடு நின்றுவிட்டது. குழு மறுபடி வந்து அளந்து, முழு விவரத்தோடு அறிக்கையைத் திருத்தி எழுதும். நேற்று சாயங்காலமே பேரவை கூடி, இனி வாசகமும் ஓலையும் வாசிக்க வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். அது எனக்கு வருத்தமில்லை. வருத்தம் இல்லை என்பதும் பொய், கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது வேறு. பூசை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. தெற்கு வாசல் பக்கம் போய், செருப்பைத் தேடுகிறவன் போல நின்றுகொண்டிருந்தேன். தெற்குத் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். ஆன்சி பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். லாசர் சார், அளவு எடுக்க என்றைக்கு வருவீர்கள் என்று தீப்தியிடம் கேட்டுக்கொண்டே போனார், என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் போன பிறகும் நான் நின்றேன். கோயில் பிள்ளை கதவைச் சாத்த வந்து, "என்ன சார், யாருக்கு வெயிட் பண்றீக?" என்று கேட்டபோதுதான் எனக்கே விளங்கியது. யாராவது வந்து, நல்ல காரியம் செய்தீர்கள் சார், ரொம்ப நன்றி என்று சொல்வார்கள் என்று நின்றிருக்கிறேன்.

அக்கா, அந்தப் பொய்யை எழுதியபோதுகூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

உன் தம்பி
பெனடிக்ட்